கார் டாப்புக்குப் பட்டி பார்க்கும் முறை

ஆடிக் காற்றில் தென்னங்குலை ஒன்று முறிந்து விழுந்து, திசையன்விளை அண்ணாச்சி ஒருவரின் வெள்ளை மாருதி 800 எங்கள் பட்டறைக்கு வந்தது. டாப்பில், அதாவது வண்டியின் கூரையில், சுளகு அகலத்துக்கு ஒடுக்கு. ஒடுக்கின் ஓரத்தில், கேரியரின் கால் உரசி உரசிப் பெயிண்ட் போன இடத்தில், துரு தின்று விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, தட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம். பட்டியை வைத்து நிரவிப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்" என்றார்.

பாளையங்கோட்டையில் அப்பா போட்ட இந்தப் பட்டறையில் முப்பது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டி என்பது பள்ளத்தை நிரவப் பூசும், பிறகு இறுகிவிடும் பசை. அதைக் கதவிலோ பம்பர் பக்கத்திலோ கொஞ்சம் கூடக்குறைய வைத்தாலும் சில வருடம் ஓடிவிடும். டாப்பில் ஓடாது. சித்திரை மாதம் நடுப்பகலில் வெளியே நின்ற வண்டியின் டாப்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், காரணம் புரிந்துவிடும். வண்டியில் வேறெந்தப் பாகமும் இவ்வளவு நேரம் நேர்வெயிலைத் தாங்குவதில்லை. பகலில் தகரம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. பட்டி தகரத்தின் கணக்கில் விரிந்து சுருங்குவதில்லை. மெல்லிய பூச்சாக இருந்தால் தகரத்தோடு ஒட்டி அசைந்து கொடுக்கும். தடித்துப்போனால் தனிப் பலகையாக நின்று, விளிம்பில் வெடிக்கும்.

இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வயதில், அப்பா ஊரில் இல்லாத நேரத்தில், டாக்ஸியாக ஓடிய ஓர் அம்பாசிடரின் டாப்பைத் தனியாகச் செய்தேன். பள்ளத்தை முழுதாகத் தட்டி எடுக்காமல் பட்டியால் நிரப்பினேன். தையில் செய்த வேலை. பெயிண்ட் அடித்து வெளியே நிறுத்தியபோது கண்ணாடி மாதிரி இருந்தது. சித்திரையில் வண்டி திரும்பி வந்தது. நான் பட்டி வைத்த எல்லை முழுவதும் பென்சிலால் வட்டம் போட்டதுபோல ஒரு கீறல் ஓடியிருந்தது. அப்பா திட்டவில்லை. கீறலுக்குள் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினார். தோசைக்கல் அகலத்துக்கு ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதை என் கையில் வைத்து, "இவ்வளவு பாரத்தையும் அந்த மனிதர் தலைக்கு மேல் சுமந்துகொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்" என்றார். துண்டின் நடுப்பகுதி என் சுண்டுவிரல் கனம் இருந்தது.

அதனால் கணக்கு இதுதான்: எல்லாம் தேய்த்து முடித்த பிறகு டாப்பில் நிற்கும் பட்டி 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்காவது ஓரிடத்தில் 3 வரை போகலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் தகரத்து வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். என் தாத்தா நெல்லை டவுனில் பித்தளைக் குடங்களுக்கு ஒடுக்கு எடுத்தவர். குடத்துக்கு யாரும் பட்டி வைப்பதில்லை. தட்டியேதான் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டி என்று ஒரு பொருளே இல்லை என்று நினைத்துக்கொண்டு தகரத்தைத் தட்டுங்கள்.

தகரத்து வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். உள்கூரைத் துணியைக் கட்டாயம் இறக்குங்கள். வெல்டிங் சூட்டில் அது நொடியில் பற்றும். இருக்கைகளை மூடுங்கள், கண்ணாடிகளையும் மூடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் சிறு சிறு புள்ளியாகப் பதிந்துவிடும், பிறகு எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள புதிய வண்டிகளில் டாப்பின் ஓரத்தில் வீட்டில் சுத்தியல் வைக்கவே வைக்காதீர்கள். அது தெரிந்தவர்களின் வேலை. நான் இங்கே சொல்வது அத்தகைய ஏற்பாடுகள் இல்லாத பழைய இரும்புத் தகர வண்டிகளுக்கு.

ஒடுக்கை நடுவிலிருந்து குத்தி எழுப்பக் கூடாது. விழுந்த அடி நடுவில்தான் முதலில் பட்டது, ஓரம் கடைசியில் மடிந்தது. எடுக்கும்போது ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி வர வேண்டும். அண்ணாச்சி வண்டியின் ஓட்டையைச் சுற்றித் துரு தின்ற பகுதியை வெட்டி எடுத்து, நாலு அங்குலத் துண்டு ஒன்றைப் பதித்து வெல்டிங் செய்தோம். தொடர்ந்து இழுத்துப் பற்றவைக்காமல், ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று வைத்து, ஒவ்வொன்றையும் ஆறவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகரம் அது. சூடு ஓரிடத்தில் தேங்கினால் டாப்பு முழுவதும் நெளிந்துவிடும். முடிந்ததும் கட்டை விரலால் ஆங்காங்கே அழுத்துங்கள். 'டொப்' என்று உள்ளே போய், கையை எடுத்ததும் வெளியே வந்தால் அந்த இடத்தில் தகரம் தளர்ந்திருக்கிறது. அதன் மேல் வைக்கும் பட்டி நிச்சயம் வெடிக்கும். தகரம் தட்டும் நல்ல டிங்கரிடம் காட்டி அந்தத் தளர்வைச் சூடு வைத்துச் சுருக்கிய பிறகே மேலே போக வேண்டும்.

இப்போது அளவு பார்க்கும் கட்டம். டாப்பு சமதளமாகத் தெரியும், ஆனால் அது முன்பின்னாகவும் வளைந்திருக்கிறது, இடவலமாகவும் வளைந்திருக்கிறது. அந்த வளைவை மனக்கணக்கில் பிடிக்க முடியாது. அடிபடாத பாதியில் ஒரு கெட்டி அட்டையை நிறுத்தி, டாப்பின் வளைவை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதையே திருப்பி அடிபட்ட பாதியில் அதே இடத்தில் நிறுத்தினால் மேடும் பள்ளமும் இடைவெளியாகத் தெரியும். அட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்றைச் செருகிப் பாருங்கள். இறுக்கமாக நின்றாலோ நுழையாவிட்டாலோ பட்டிக்குத் தயார். தாராளமாக உருண்டு போனால் சுத்தியலை மறுபடி கையில் எடுங்கள். மேடு ஒரு நூல் இருந்தாலும் அதை உள்ளே தட்டிவிட வேண்டும். பள்ளத்தை நிரப்பலாம், மேட்டை எதைக் கொண்டு நிரப்புவது? மேட்டை மறைக்கப் போய்ச் சுற்றிலும் பட்டியை ஏற்றி, ஒடுக்கு சுளகு அளவிலிருந்து பாய் அளவுக்குப் பரவிய வண்டிகள் எத்தனையோ என் கண்முன் வந்திருக்கின்றன.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் மெழுகு நீக்கும் தின்னரால் துடைத்து, அதற்குப் பிறகே உப்புத்தாள். பலர் மாற்றிச் செய்கிறார்கள். பழைய பாலிஷில் சிலிக்கான் இருக்கும். துடைக்காமல் தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். கடைசியில் பெயிண்ட் அடிக்கும்போது அங்கங்கே குழி குழியாகப் பிரிந்து நிற்கும். துடைத்த பின் 80 நம்பர் தாளால் வெறும் தகரம் தெரியும் வரை தேயுங்கள். ஒடுக்கு இருந்த எல்லையைத் தாண்டி நாலு விரற்கடை வரை பெயிண்டை எடுத்துவிட்டு, பெயிண்டின் விளிம்பைப் படிப்படியாகச் சரித்து இறக்குங்கள். மழைநீர் வடியும் ஓரக் கால்வாயை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அதற்குள் பட்டி போய் அடைத்தால் தண்ணீர் தேங்கி, அடுத்த துரு அங்கேதான் தொடங்கும்.

வெறும் தகரத்தில் நேரடியாகப் பட்டி வைப்பதா, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் அடித்து அதன் மேல் வைப்பதா என்று கேட்பார்கள். இரண்டும் சரிதான். நான் மாதத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன். மாசி, பங்குனியில் தகரத்திலேயே வைத்துவிட்டு அன்றைக்கே பிரைமரும் அடித்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் தேய்த்த தகரம் ஒரே இரவில் செம்மை பூத்துவிடும். அப்போது எபாக்சி முதலில், அது காய்ந்த பின் லேசாகத் தேய்த்துப் பட்டி. அமிலம் கலந்த வாஷ் பிரைமர் மேல் மட்டும் வைக்காதீர்கள். அது பட்டியை ஒழுங்காக இறுகவிடாது.

வெல்டிங் தையலின் மேல் சாதாரணப் பட்டி போதாது. கண்ணாடி இழை கலந்த பட்டியை மெல்லிய ஒரு கை முதலில் கொடுங்கள். அது தண்ணீரை உறிஞ்சாது. சாதாரணப் பட்டியில் பாதிக்கு மேல் டால்க் மாதிரியான தூள்தான், ஈரத்தைப் பஞ்சு போல இழுக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழைக்குப் பிறகு எங்களிடம் வந்த ஒரு வண்டியில், வேறெங்கோ ஒட்டுப் போட்ட டாப்பு கொப்பளித்து நின்றது. உடைத்துப் பார்த்தால் தையலில் ஊசித் துளைகள்; உள்பக்கம் பிரைமரே இல்லை. துரு பின்னாலிருந்து வந்து பட்டியைத் தள்ளியிருந்தது. முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்பக்கம் பார்க்காத ஒட்டு நிற்காது. வெல்டிங் ஆறியதும் உள்ளே துத்தநாக பிரைமர் அடித்துவிடுங்கள்.

இனி பட்டி குழைக்கும் வேலை. இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

டப்பாவில் இருப்பது பாலியெஸ்டர் பிசின். சிறு குழாயில் வரும் சிவப்புப் பசை, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர் என்பது கணக்கு. கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். "சீக்கிரம் காயட்டும்" என்று ஹார்ட்னரை அள்ளிப் போட்டால் பட்டி முழுவதும் ஊசித் துளை விழும். மிஞ்சிய ஹார்ட்னர் பெயிண்டுக்குள் ஏறி, சில வாரம் கழித்து வெள்ளை வண்டியில் மஞ்சள் கறையாகத் தெரியும். குறைத்துப் போட்டால் மேல்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். சுரண்டி எறிவதைத் தவிர வழியில்லை. 25 டிகிரியில் நாலு முதல் ஆறு நிமிடம் வேலை நேரம் கிடைக்கும். நம் ஊர்ப் பங்குனி மத்தியானத்தில் அது பாதிகூட இருக்காது. அதனால் டாப்பு வேலையைக் காலை ஏழு மணிக்கு நிழலில் தொடங்குங்கள். முந்தைய நாள் மாலையிலிருந்தே வண்டி நிழலில் நிற்கட்டும். சூடேறிய தகரத்தின் மேல் பட்டியைத் தொட்டால் கையிலிருக்கும்போதே இறுகிவிடும்.

குழைப்பதற்குப் பழைய கண்ணாடித் துண்டோ வழவழப்பான மேசைத் தகடோ எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை வேண்டாம், அது பிசினைக் குடிக்கும், நாரும் சேர்ந்து வரும். முட்டை அடிப்பதுபோல அடிக்கக் கூடாது. அடித்தால் காற்று புகும். பட்டித் தகட்டால் ஓரத்திலிருந்து வழித்து, நடுவில் மடித்து, அழுத்தித் தேய்க்க வேண்டும். மறுபடி வழித்து, மடித்து, அழுத்த வேண்டும். சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லாமல் ஒரே வெளிர் நிறமாக வரும் வரை இதைச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு பூச்சுக்கு வேண்டிய அளவு போதும்.

முதல் பூச்சு பார்வைக்கு ஒன்றுமே இல்லாததுபோல இருக்க வேண்டும். தகட்டைச் செங்குத்தாகப் பிடித்து, பலத்தோடு அழுத்தி, உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள் பட்டியை ஏற்றுங்கள். பிடிமானம் இந்தப் பூச்சில்தான் இருக்கிறது. உடனே அதன் மேல் இரண்டாவது பூச்சு. இதற்கு எட்டு அங்குல அகலத் தகடு வேண்டும். சிறிய தகட்டால் டாப்பில் இழுத்தால் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு வரப்பு நிற்கும். தகட்டைப் படுக்கைவசமாகச் சாய்த்து, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு, நடுவில் நிறுத்தாமல். மூன்று நாலு இழுப்பில் முடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அங்கே கொஞ்சம் சரியில்லை என்று இறுகத் தொடங்கிய பட்டியைத் திரும்பத் தொட்டால் அது உருண்டு பெயரும். குறை இருந்தால் அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். தகட்டில் மிஞ்சியதைக் காகிதக் குப்பையில் போடாதீர்கள், இறுகும்போது நன்றாகச் சூடேறும். தரையில் பரப்பிவிடுங்கள்.

பட்டி இறுகுவதற்கு நடுவில் ஒரு பதம் வருகிறது. உடன்குடிப் பக்கம் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டிப் பாகு கட்டியாவதற்குக் கொஞ்சம் முன்னால் நகம் பதியும், ஆனால் ஒட்டாது. பட்டியிலும் அதே பதம். அந்த ஐந்தாறு நிமிடத்துக்குள் ஆக்ஸா பிளேடையோ சீவும் அரத்தையோ பிடித்து மேலோடு சீவினால், துருவிய தேங்காய் போல மேட்டுப் பகுதி உதிர்ந்து வரும். இதைத் தவறவிட்டால் அரைமணி நேரத் தேய்ப்பு கூடுதலாகும். சீக்கிரம் சீவினால் பிய்ந்து வரும். நகத்தை வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

தேய்ப்பதற்கு முன் முகக்கவசம். கர்ச்சீப் போதாது. பட்டித் தூள் நுரையீரலில் தங்கும், குழைக்கும்போது வரும் வாடை தலையைச் சுற்றவைக்கும். வடிகட்டி உள்ள கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் கண்ணில் படவே கூடாது. அப்பா கர்ச்சீப்போடு காலத்தை ஓட்டியவர். கடைசிப் பத்து வருடம் அவர் இருமிய இருமலைக் கேட்டவன் நான். எங்கள் பட்டறையில் கவசம் இல்லாமல் எந்தப் பையனும் தாளைத் தொடக் கூடாது.

உப்புத்தாளைக் கையால் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுந்திய இடமெல்லாம் வாய்க்கால் விழும். ஒன்றரை அடி நீளத்துக்கு, டாப்பின் வளைவுக்குச் சற்றே வளைந்து கொடுக்கும் மெல்லிய ஒட்டுப்பலகையில் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். கோணலாக ஒரு திசையில் இருபது இழுப்பு, பிறகு அதற்குக் குறுக்கே இருபது இழுப்பு, பெருக்கல் குறி போல. நேராக ஒரே திசையில் தேய்த்தால் பலகை பள்ளத்தையே பின்தொடரும். 80-ல் வடிவம் வரட்டும், 120-ல் விளிம்பு கரையட்டும், 180-ல் கீறல் அடங்கட்டும். தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். பட்டி உறிஞ்சிய ஈரம் பிறகு பெயிண்டைக் கொப்பளிக்கவைக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் கறுப்பு பெயிண்டைத் தூரத்திலிருந்து தூவல் போல அடித்து வையுங்கள். தேய்த்த பின்னும் கறுப்பு நிற்கும் இடம் பள்ளம், சட்டென்று தகரம் மின்னும் இடம் மேடு. தகரம் மின்னத் தொடங்கினால் அங்கே தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். சுற்றி இன்னும் கறுப்பு இருந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத அலை கைக்குத் தெரியும், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வெறும் கையால் தடவினால் தோல் பட்டியில் பிடித்து இழுக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துண்டு ஒன்றை டாப்பில் விரியுங்கள். உள்ளங்கையைத் தட்டையாக அதன் மேல் வைத்து, நல்ல தகரத்தில் தொடங்கி, பட்டியைக் கடந்து, மறுபக்கத்து நல்ல தகரம் வரை மெதுவாகப் போங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். துணிக்கு அடியில் கை ஓரிடத்தில் லேசாக மிதப்பதுபோலத் தோன்றினால் அங்கே மேடு. கையின் நடுப்பகுதி எதையும் தொடாததுபோலத் தோன்றினால் அங்கே பள்ளம். அண்ணாச்சி வண்டியில் மூன்றாவது தடவையில்தான் ஒன்று அகப்பட்டது. ஒட்டுப் போட்ட துண்டின் பின்னோரம், அரை விரல் அகலத்துக்கு ஒரு தாழ்வு. பென்சிலால் வட்டமிட்டு, மாலை வரை வைத்திருந்தேன். பொதிகை மலைப் பக்கம் சூரியன் சாய்ந்து வெளிச்சம் டாப்பின் மேல் படுக்கைவாக்கில் விழுந்தபோது, அந்த வட்டத்துக்குள் மெல்லிய நிழல் ஒன்று சரியாக விழுந்திருந்தது.

அந்த மாதிரிச் சிறு தாழ்வுக்கும் ஊசித் துளைக்கும், ஹார்ட்னர் கலந்து பூசும் நைஸ் பட்டியைப் பயன்படுத்துங்கள். குழாயிலிருந்து பிதுக்கி அப்படியே தடவும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி மலிவு, வேலையும் சுலபம். ஆனால் அது அதிலுள்ள தின்னர் ஆவியாகித்தான் காய்கிறது, அதனால் வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். டாப்பில் அதைச் சேர்க்காதீர்கள்.

பட்டியைத் திறந்த நிலையில் இரவு முழுவதும் விட வேண்டாம். தூசியை ஊதித் துடைத்து, அன்றைக்கே டூ-கே சர்ஃபேசர் பிரைமரை (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கெட்டி அடிப்பூச்சு) மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம் விட்டு அடித்துவிடுங்கள். மறுநாள் நான் ஒரு காரியம் செய்வேன். வாடிக்கையாளர்கள் அவசரப்படுவார்கள், ஆனாலும் விடமாட்டேன். வண்டியை ஒரு முழுப் பகல் வெயிலில் நிறுத்திவிடுவேன். சுருங்க வேண்டிய பட்டி பெயிண்டுக்கு அடியில் போய்ச் சுருங்குவதைவிட இப்போதே சுருங்கட்டும். மாலையில் தண்ணீர்த் துணியால் துடைத்து, ட்யூப் லைட்டின் கோடு டாப்பில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கோடு பட்டியின் மேல் வரும்போது நெளியாமல் போனால் 400, பிறகு 600 நம்பர் தாளால் தேய்த்துப் பெயிண்டுக்கு அனுப்பலாம். பிரைமரை வெட்டித் தேய்த்து பட்டி வெளியே தெரியும் வரை மட்டும் போய்விடாதீர்கள். தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மறுபடி பிரைமர்.

பெயிண்ட் காய்ந்து, உள்கூரைத் துணியை ஏற்றுவதற்கு முன் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. டார்ச் அடித்து உள்பக்கத் தையலைப் பாருங்கள். துத்தநாக பிரைமர் மேல் மெழுகுப் பூச்சு தெளித்து, அது குறுக்குப் பட்டைகளுக்கும் தகரத்துக்கும் நடுவே இறங்கிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வெளியே ஒருவரை நிறுத்தி, டாப்பின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். உள்ளே தையல் காய்ந்தே இருந்தால் துணியை மாட்டலாம். முதல் ஒரு மாதம் வண்டியின் மேல் தார்ப்பாயோ மெழுகு பாலிஷோ வேண்டாம். புதுப் பெயிண்டின் ஆவி வெளியேற வழி வேண்டும்.